தம்பியின் பங்கைத் தின்றவள்

சாருடைய வாயில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. "நோ." பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு என்று மூன்றையும் வாரிக்கொண்டு போனபோது இந்த ஒன்றை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் நோ, வேண்டாமென்றாலும் நோ. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து எந்த நோவுக்கு என்ன அர்த்தம் என்று பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குள் நானும் அவரும் பலமுறை சண்டை போட்டுவிட்டோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்படியும் ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு என்னைச் சண்டையில் ஜெயித்த ஒரே மனிதர் அவர்தான்.

அவர் இத்தாலிக்காரர். துபாயில் கட்டடக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக இருந்தவர். நான் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பகல் டியூட்டி நர்ஸ். எனக்கு ரூம் அஜ்மானில். வாடகை அங்கேதான் கட்டுப்படியாகும். விடிந்தும் விடியாததுமாக மாதக் காசுக்கு ஆள் ஏற்றுகிற ஒரு பாகிஸ்தான் பட்டாணியரின் கார்லிஃப்ட்டில் ஐந்து பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, அவர் "ஜல்தி, ஜல்தி" என்று விரட்ட, ஷார்ஜா நெரிசலில் பாதித் தூக்கத்தைத் தூங்கி, எட்டு மணிக்கு அந்த வில்லாவில் போய் இறங்குவேன். மாலை ஏழு மணிக்கு அதே காரில் திரும்புவேன். மேடத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் இங்கிலீஷையும் அவர் இங்கிலீஷையும் சேர்த்தால்தான் ஒரு முழு இங்கிலீஷ் தேறும். ஆனாலும் எங்களுக்குள் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

அவர்களுக்கு ஒரே மகன். பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிளில் போய் அவர்கள் ஊர்ச் சாலையிலேயே செத்துப்போனவன். அவன் படம் ஹாலில் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். நான் அந்தப் படத்தைத் துடைப்பேனே தவிர பார்க்க மாட்டேன்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து நாலைந்து நாளிருக்கும். சார் ஒரு காலையில் இடது கையை நீட்டிச் சுவர்க் காலண்டரைக் காட்டி "நோ" என்றார். மருந்து நேரம் என்று நினைத்தேன். இல்லை. அப்பாயிண்ட்மெண்ட் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. குரல் உயர்ந்துகொண்டே போய்க் கடைசியில் அழுகையாக முடிந்தது. பயந்துபோய் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து காலண்டரைப் பார்த்ததும் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். நவம்பர் இரண்டாம் தேதி அவர்களுக்கு இறந்தவர்களின் நாள். அதற்கு முதல் நாள் சார் தன் கையால் பாதாமில் ஒரு பலகாரம் செய்வார். வேறு எந்த நாளும் அவர் அடுப்படிப் பக்கம் வந்ததில்லையாம். பெரிய மொச்சைக்கொட்டை அளவில் சின்னச் சின்னதாக உருட்டி, அமுக்கி, ஓவனில் வைத்து எடுப்பது. அவர்கள் மொழியில் அதற்கு இறந்தவர்களின் மொச்சை என்றே பெயர். வீட்டில் செத்துப்போனவர்கள் ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி ஒன்று உருட்ட வேண்டும். சாயங்காலம் மேசையில் தட்டுத் தட்டாக வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட வேண்டும். அவர்கள் வந்து மணத்தை எடுத்துக்கொள்வார்களாம். காலையில் யார் உருட்டினார்களோ அவர்களே அதைத் தின்றுவிட்டு, "நன்றாக இருந்தது" என்று செத்தவர்கள் சார்பில் சொல்ல வேண்டும். அவர் ஊர் முழுக்க இப்படித்தானா, அவர் வீட்டில் மட்டுமா என்று எனக்குத் தெரியாது. போன வருடம் அந்த நாளில் சார் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். மகனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அதைத்தான் அந்த மனிதர் ஒரு வருடமாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குச் செய்யத் தெரியாது. ஒரு தடவைகூட என்னைப் பக்கத்தில் விட்டதில்லை. உனக்கும் இந்த நாள் உண்டா?" என்று மேடம் கேட்டார்.

"உண்டு மேடம். எங்களுக்கும் அதே நாள்தான்" என்றேன்.

"உன் ஆட்களில் யாருக்கு?"

"அப்பாவுக்கு மட்டும்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். மூன்று வருடப் பழக்கம்.

நாங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஆட்கள். கல்லறைத் திருநாள் என்றால் அன்றைக்கு எங்கள் ஊர் மாதா கோயிலின் பின்பக்கம் முழுக்க மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாக இருக்கும். கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் போகும்வரை அப்பாவின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருப்பாள். வளைகுடாவிலும் நாங்கள் அந்த நாளை விடுவதில்லை. இங்கேயுள்ள கோயிலில் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு தாள் கொடுப்பார்கள். இறந்தவர்களின் பேரை எழுதிப் பெட்டியில் போட்டால் பூசையில் வைத்து ஜெபிப்பார்கள். மூன்று வருடமாக நான் அந்தத் தாளில் அப்பா பேரை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு மடித்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

எழுதாமல் விட்டது என் தம்பியின் பேர்.

அவன் அஜ்மானிலேயே ஒரு அரபியின் லாஞ்சில் மீன்பிடிக்கப் போனவன். நான் இருக்கிற ஊர் என்றுதான் அவனுக்கு விசா பார்த்தேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பையில் மீனோடு என் ரூமுக்கு வருவான். கூட இருந்த பெண்களெல்லாம் அவன் வரும் நேரத்துக்குத்தான் தலை சீவுவார்கள். இருபத்தாறு வயது. ஊரில் அம்மா பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை கடலுக்குப் போன லாஞ்ச் காற்றில் கவிழ்ந்து, கூட இருந்த பெங்காலிக்காரர் ஒருவர் மட்டும் மறுநாள் வேறு லாஞ்சில் கரைக்கு வந்தார். "சிஸ்டர், இரண்டு தரம் மேலே வந்தான். மூன்றாவது தரம் வரலை" என்று இந்தியில் சொல்லிவிட்டு என் காலடியில் உட்கார்ந்து அழுதார். உடல் கிடைக்கவில்லை. அவனுக்கு விசா கொடுத்த கஃபீல், அந்த லாஞ்ச்காரக் கிழவர், பத்து நாள் ஆள் விட்டுத் தேடினார். பிறகு தம்பியின் பாஸ்போர்ட்டையும் துணி மூட்டையையும் என் கையில் கொடுத்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி "கலாஸ்", எல்லாம் முடிந்தது, என்றார். அந்தக் கிழவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஊரில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு அடித்தால் அம்மாவைக் கூப்பிடுவார்கள். நான் சொல்லத்தான் கூப்பிட்டேன். சத்தியமாகச் சொல்லத்தான் கூப்பிட்டேன். காற்றில் லாஞ்ச் போன செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. அம்மா ஓடி வந்த மூச்சு வாங்க, நான் வாயைத் திறக்குமுன் கேட்டாள்.

"மக்கா, அவன அந்தக் கரையில புடிச்சிட்டுப் போயிட்டாவளா? ஜெயில்லயா கெடக்கான்?"

எங்கள் கரையில் ஒருவன் சிறையில் இருக்கிறான் என்றால் அது நல்ல செய்தி. வேறு எந்த ஊர்க்காரருக்கும் இது புரியாது. கடலில் கோடு கிடையாது. காற்று தள்ளினால் லாஞ்ச் எதிர்க்கரையில் இரானியர் தண்ணீருக்குப் போய்விடும், பிடித்து வைத்துக்கொள்வார்கள். காணாமல் போனவன் என்று அழுது முடித்தபின் எட்டு மாதம் கழித்துத் தாடியோடு வந்து இறங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அதனால் ஒருத்தனைக் காணோம் என்றால் எங்கள் பெண்கள் முதலில் முழங்காலில் நின்று கேட்பது, ஆண்டவரே, அவன் ஜெயிலில் இருக்க வேண்டும் என்றுதான்.

அம்மா கேட்ட குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. நான் "ஆமாம்மா" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு வார்த்தைகூட இல்லை. அந்த ஒன்றைச் சொன்னபிறகு அதைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கே இல்லை. எந்தச் சிறை, எத்தனை பேர், யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். அம்மா செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாருக்கு ஒரு வேளை பட்டினி கிடந்தாள். அத்தோடு நிறுத்தினாளா? லீவு முடிந்து வளைகுடா திரும்புகிற ஆள் யார் கிடைத்தாலும் ஒரு பார்சல் கொடுத்துவிட்டாள். எப்போதும் ஒரே பலகாரம். முந்திரிக்கொத்து. சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் கருப்பட்டிப் பாகும் ஏலமும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாகப் பொரித்தெடுப்பது. ஒரு மாதமானாலும் கெடாது. தம்பி அதற்கு உயிரை விடுவான். அவனுக்கு ஏலம் தூக்கலாக இருக்க வேண்டும். பல்லில் கடிபட வேண்டும் என்பான்.

"அந்தப் பக்கம் போற ஆள்ட்ட குடுத்துவிடு மக்கா. குடுத்ததும் அவன் என்ன சொன்னான்னு எனக்குச் சொல்லணும், கேட்டியா?"

முதல் பார்சல் வந்த அன்று கட்டிலில் வைத்துப் பிரித்தேன். மூடியைத் திறந்ததும் ஏலத்தின் வாசனை ரூம் முழுக்கப் பரவியது. அவன் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நான் அழுத அழுகையில் பக்கத்து ரூம் பிலிப்பினோப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை. அம்மா கை பட்டது. இன்னொருவருக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை. தினம் ஒன்றாக நானே தின்று தீர்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பத்து நாள் கழித்து அம்மா கேட்டாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"நல்லா இருந்திச்சாம். ஆனா ஏலம் கொஞ்சம் கொறச்சிப் போடச் சொன்னான்."



"ஏலமா? கொறைக்கவா சொன்னான்?"

"ஆமாம்மா. ஜெயில் சாப்பாட்டுல நாக்கு மாறிப்போச்சி போல."

அடுத்த பார்சலில் ஏலம் பாதிதான் இருந்தது. அதற்கடுத்ததில் சுத்தமாக இல்லை. வாசனை இல்லாததால் என்னால் தின்ன முடிந்தது. மூன்று வருடம் இப்படிப் போனது. நான் தின்பேன். அம்மா கேட்பாள், அவன் என்ன சொன்னான் என்று. நான் சொல்வேன்.

இந்த லட்சணத்தில்தான் அக்டோபர் கடைசியில் இத்தாலிக்காரர் வீட்டு அடுப்படியில் பாதாமோடு நின்றேன்.

பாதாம் வாங்கி வந்தது நான். தேரா மார்க்கெட்டில் ஒரு இரானிக் கடையில், ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக் கடைக்காரரை எரிச்சல்படுத்தி வாங்கினேன். செய்முறை எழுதி வைத்த காகிதம் ஏதும் இல்லை. எல்லாம் சாருடைய தலைக்குள் இருந்தது, வெளியே வர வழியில்லாமல். அவரைச் சக்கர நாற்காலியோடு அடுப்படியில் கொண்டுவந்து நிறுத்தினோம். பாதாமை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து அந்த ஈரத்தோடே மிக்ஸியில் போட்டு அரைத்துவிட்டேன். நம் வீடுகளில் எதை ஊறவைத்தாலும் அப்படித்தானே. சார் "நோ" என்றார். "இருங்க சார், எல்லாம் எனக்குத் தெரியும்" என்று தமிழிலேயே சொன்னேன். தட்டில் உருட்டி வைத்த இருபதும் ஓவனுக்குள் போய் ஒன்றோடு ஒன்று கூடி ஒரே அடையாக வந்தன. சார் என்னைப் பார்த்த பார்வையில் நோவைவிட மோசமான வார்த்தைகள் இருந்தன.

மறுநாள் தோலுரித்த பாதாமை மேடம் ஓவனில் வைத்துக் காயவைத்தார். நான் நைசாக அரைக்கிறேன் பேர்வழி என்று மிக்ஸியை ஓடவிட்டு எண்ணெயைக் கக்கவைத்துவிட்டேன். அது கல்லாக வந்தது. மேடத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்கள் வளர்த்த பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது நாள், நவம்பர் ஒன்று, சார் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாதாமோடு சர்க்கரையையும் சேர்த்துப் போடவைத்தார். மிக்ஸியை ஒரு சுற்று விட்டதும் "நோ" என்று நிறுத்தினார். குலுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார், மறுபடி ஒரு சுற்று. ரவை மாதிரி வந்ததும் கையை எடுத்தார். கொஞ்சம் மைதா, ஒரே ஒரு முட்டை, எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டது, துளி பட்டைப்பொடி. மேடம் இரண்டாவது முட்டையை எடுத்தபோது சார் போட்ட சத்தத்தில் அது மேடத்தின் கையிலேயே உடைந்தது. மாவு திரண்டு வந்தது. அதைக் கிள்ளி சார் வாயில் வைத்தேன். மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் சம்மதம் என்றால் அதுதான்.

பேர் சொல்லி உருட்டும் வேலை தொடங்கியது. மேடம் தன் அம்மா, அப்பா, அக்காவுக்கு உருட்டினார். சாருடைய பெற்றோருக்கும் அவரே உருட்டினார். ஒவ்வொன்றுக்கும் பேரைச் சத்தமாகச் சொன்னார். மகனுக்கானதைத் தானே உருட்ட வேண்டும் என்று சார் இடது உள்ளங்கையை நீட்டினார். மாவை வைத்தேன். ஒற்றைக் கையால் உருட்ட முடியாது அல்லவா? தன் தொடையில் வைத்து உருட்டினார், ஒரு பக்கம் கோணலாக வந்தது. தட்டில் வைக்கும்போது பேர் சொல்ல வேண்டும். அவர் உதடு துடித்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பிறகு மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"நோ."

மேடம் சிங்க்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண்ணைத் துடைக்க வழியில்லை, கை முழுக்க மாவு. ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சிய மனிதர் அதையே மகனுக்குப் பேராக வைத்துக் கூப்பிடுகிறார். எனக்கு எல்லா வார்த்தையும் இருந்தது. நான் என் தம்பி பேரைச் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாவிடம் பேசும்போதுகூட அவன், அவன் என்றே சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மீதி மாவை வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் கை ஒன்றைத் தனியாக உருட்டியது. நான் யோசித்துச் செய்யவில்லை. உதட்டுக்குள் பேரைச் சொன்னேன், எனக்கே கேட்காத அளவுக்கு. அதைப் பேர் சொன்னவை இருந்த தட்டின் மூலையில் வைத்து ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தோம். ஆறு பேர், ஆறு நாற்காலி, ஆறு சின்னத் தட்டு. மேடம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வந்தார். பெரிய தட்டில் ஒன்று மிஞ்சியது.

"இது எப்படி இங்கே வந்தது?" என்று மேடம் அதைச் சாதாரணப் பலகார டப்பாவில் போடப் போனார்.

"நோ!"

சார் மேடத்தின் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றேன். இது அவர்கள் வீட்டு மேசை, அவர்கள் வீட்டுச் சாவு. நான் சம்பளத்துக்கு வந்தவள். "சாரி சார்" என்றேன். "நோ" என்றார், இந்த முறை தணிந்த குரலில். இடது கையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் காட்டினார். அங்கே நான் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடும் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. மறுபடி மேசையைக் காட்டினார்.

மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. "யார்?" என்றார்.

"என் தம்பி. கடலில் போய்விட்டான்" என்றேன்.

அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வர என்னால் முடியவில்லை. இழுத்துக்கொண்டுதான் வந்தேன். அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. மேசையோரத்தில் அதைப் போட்டபோதுதான் என் தம்பி செத்துப்போனான். அதுவரைக்கும் எனக்கும் அவன் எங்கேயோ சிறையில்தான் இருந்திருக்கிறான். ஊருக்குச் சொன்ன பொய்யை நானும் பாதி நம்பியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னால் அவள் அழுவாள் என்று பயந்தேன் என்பதெல்லாம் பாதிதான் நிஜம். நான் சொல்லிவிட்டால் அவன் செத்துவிடுவான் என்பதுதான் மீதி.

மறுநாள் காலையில் போனபோது தட்டுகள் அப்படியே இருந்தன. மேடம் தான் உருட்டியவற்றைத் தின்றார். சார் அந்தக் கோணல் பாதாமை வாயில் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். நான் என்னுடையதைக் கடித்தேன். ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருந்தது. எலுமிச்சை வாசனை வந்தது. "இனி உன் தம்பி சார்பில் சொல்" என்றார் மேடம். "நல்லா இருந்தது" என்றேன்.

சொன்னதும் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வருடமாக நான் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன்! செத்தவன் பங்கைத் தின்றுவிட்டு அவன் சார்பில் நல்லா இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் தெரிந்து செய்தார்கள். என் அம்மா தெரியாமல் செய்தாள். அடுப்புப் புகையில் நின்று, உயிரோடு இருக்கிற மகனுக்கென்று பாகு காய்ச்சியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமலே அவளைத் திதி கொடுக்கவைத்த பாவி நான். அந்த மேசை முன்னால் நின்று சொல்லி அழுதேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் என்னை வேலையைவிட்டுத் தூக்கியிருப்பார்கள்.

அழுகைக்கு நடுவே வந்த அம்மா என்ற வார்த்தை மட்டும் புரிந்ததோ என்னவோ, மேடம் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, சாரை ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ஊரில் அப்போது பத்து மணி இருக்கும். அம்மா கல்லறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அப்பாவுக்கு நல்ல மாலை கிடைத்தது என்று தொடங்கினாள். நான் குறுக்கே புகுந்தேன். தம்பியின் பேரைச் சொன்னேன். லாஞ்ச் கவிழ்ந்த அன்றே போய்விட்டான், ஜெயிலில் இல்லை, எந்த ஜெயிலிலும் இருந்ததில்லை என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் மறுபடி ஏதாவது பொய் வந்துவிடும் என்று.

"நீ கண்ணால கண்டியா?"

"கூட இருந்த ஆள் கண்டிருக்காரும்மா. பாஸ்போர்ட்டு எங்கிட்டதான் இருக்கு."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்பம் நான் குடுத்துவிட்ட முந்திரிக்கொத்தெல்லாம் யாரு தின்னா?"

"நாந்தாம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஏலம் கொறைக்கச் சொன்னது?"

"அதும் நாந்தாம்மா. அவன் வாசனை வந்திச்சி. என்னால முடியல."

"அப்பமே எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி மக்கா" என்றாள் அம்மா. "ஏலம் வேண்டாம்னு எம்பிள்ளை சொல்லமாட்டானேன்னு அடுப்புக்கு முன்னாடி நின்னு நெனச்சேன். நெனச்சிட்டு, கொறச்சித்தான் போட்டேன்."

போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அம்மா என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுக்கு அடித்தால், வேலையாக இருக்கிறாள் என்று பதில் வரும். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று பதில் வரும். தம்பி பேரில் பூசை வைத்தாள் என்றும், அப்பாவின் கல்லறையில் அவன் பேரையும் எழுதவைத்தாள் என்றும் ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். பார்சல் மட்டும் வரவே இல்லை. எனக்கு லீவு கிடைத்தது. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? கோபித்துக்கொள்ள அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. மூன்று வருடம் அவள் மகனைக் கொடுத்துவைத்திருந்துவிட்டு ஒரே மூச்சில் பிடுங்கியவள் நான்.

அடுத்த அக்டோபர் கடைசியில், லீவு முடிந்து வந்த எங்கள் ஊர் டெக்னீஷியன் ஒருவர் அஜ்மான் ரூமுக்கு வந்து ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியிலேயே ஏலம் மணந்தது.

அதை இத்தாலிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வருடம் சார், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விட்டுப்போனதற்கும் சேர்த்தோ என்னவோ, மகனுக்கு இரண்டு உருட்டினார், இரண்டும் கோணல். என் பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் ஒரு பாதாமும், அம்மா செய்த முந்திரிக்கொத்தில் ஒன்றும் வைத்தோம். காலையில் பாதாமைத் தின்றுவிட்டு முந்திரிக்கொத்தைக் கடித்தேன். ஒவ்வொரு கடிக்கும் ஏலம் பல்லில் அகப்பட்டு நறுக்கென்றது. மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. முழுக்கத் தின்றேன்.

தெருமுனைக் கடையில் கார்டு வாங்கிப் பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு அடித்தேன். அம்மா எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"கெடச்சிதா?" என்றாள்.

"கெடச்சிதும்மா. இப்பந்தான் தின்னேன்."

பிறகு பழையபடியே கேட்டாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"ஏலம் இப்பந்தான் சரியா இருக்குன்னு சொன்னாம்மா."

அப்போதுதான் அம்மா அழுதாள். நாலு வருடத்துக்குச் சேர்த்து அழுதாள். கார்டு தீர்ந்து லைன் தானாக அறுந்துபோகும்வரை நானும் போனை வைக்கவில்லை.